தூசி மெஷினுக்கு வந்த கடல்

கடல் எங்கள் பட்டறைக்கு முதன்முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி டீ குடித்து முடித்த கையோடு. வாசல்படி வரை வந்து நின்றது. முழங்காலளவு தண்ணீர். உள்ளே வரவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று எங்கள் ஊர் வெள்ளிமுனைக்காரர்கள் கேட்பார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். விவரமாகச் சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை. சொல்கிறேன்.

நானும் என் சம்சாரம் ரெஜினாளும் முன்பு ஃபைபர் வள்ளம் செய்துகொண்டிருந்தோம். பிறகு அலைமேல் நின்று சறுக்குகிற கூட்டம் ஊருக்கு வர ஆரம்பித்தது. அதில் ஒருவன் உடைந்த பலகையைக் கொண்டுவந்து ஒட்டித் தரச் சொன்னான். ஒட்டிக் கொடுத்தேன். ஒட்டின இடம் மட்டும்தான் நன்றாக இருக்கிறது, மற்ற இடத்தையும் நீங்களே செய்து தாருங்கள் என்றான். அப்படித்தான் அலைப்பலகைப் பட்டறை ஆனோம். ஃபோம் கட்டையைப் பிளேனரால் சீவி உருவத்துக்குக் கொண்டுவருவது நான். அதன்மேல் கண்ணாடி நார்த்துணி விரித்து, ரெசின் ஊற்றி, காய்ந்த பிறகு சாண்டிங் மெஷினால் தேய்த்து வழவழப்பாக்குவது ரெஜினாள். அவள் தேய்த்து முடித்த பலகையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால், எந்தப் பக்கம் ஓடுவது என்று அது யோசித்துக்கொண்டு நிற்கும்.

சீவுகிற தூசி வெள்ளை. கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம். தேய்க்கிற தூசி கண்ணாடி. அது தெரியாது. தோலில் ஏறாமலிருக்க ரெஜினாள் கையிலும் கழுத்திலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் வேலைக்கு நிற்பாள். நெஞ்சுக்குள் எண்ணெய் தடவ முடியாது. தூத்துக்குடியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தூசி நிற்க வேண்டும், இல்லையென்றால் வேலை நிற்க வேண்டும், இரண்டும் நிற்காவிட்டால் மூச்சு நிற்கும் என்றார். வேலை நிற்காது என்று ரெஜினாள் அங்கேயே சொல்லிவிட்டாள். ஆகவே தூசி நிற்க வேண்டியிருந்தது.

தூசி மெஷின் கடையில் கிடைக்கும். எங்கள் அளவுக்குக் கிடைக்காது. மரம் அறுக்கிற மில்லிலிருந்து ஒரு பழைய புளோயர் வாங்கினேன். புனல் மாதிரி ஒரு பெரிய கூம்பை நானே ஃபைபரில் அச்செடுத்தேன். தூசிக் காற்று அதற்குள் சுழன்று இறங்கும்போது கனமானது கீழே டிரம்மில் விழும், மெல்லியது மேலேறி வெளியே தொங்குகிற துணிப்பைக்குப் போகும். பைப்பு, வீட்டுக்குப் போடுகிற ஆறு அங்குல பிவிசிதான். வளைவில் செங்குத்தாக எல்போ போட்டால் காற்று முட்டிக்கொண்டு நிற்கும் என்பதால் ஒவ்வொரு வளைவையும் இரண்டு சாய்வான துண்டாகப் பிரித்தேன். பிளேனர் வாய்க்கு ஒரு மூடி, சாண்டிங் மெஷினுக்கு ஒரு பாவாடை, வேலை நடக்காத பக்கத்தை அடைக்கப் பலகைக் கதவு. மூன்று வாரம் ஆனது. ஓட்டிப் பார்த்தேன். இழுத்தது. நன்றாகவே இழுத்தது. ரெஜினாள் பைப்பில் முழங்கையை இடித்துக்கொண்டு, மின்னல் அடித்த மாதிரி துள்ளினாள்.

ஜெபஸ்தியான் வந்தார். ஊரில் கரண்டு வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் மெதுவாகத்தான் வருவார். பைப்பைத் தடவினார். கைமயிர் எழுந்து நின்றது.

"பிளாஸ்டிக்குப் பைப்புக்குள்ள தூசி உரசி உரசி ஓடுதுல்லா, அதுல கரண்டு ஏறுது வே. உள்ளோடி ஒரு செப்புக் கம்பி விட்டு எர்த்து குடுக்கணும். இல்லேன்னா ஒருநா பொறி பறந்து பட்டறை கரியாயிரும்."

"குடுத்துரும்."

"குழி தோண்டணும். ஆறடி. கரி போடணும், உப்புப் போடணும், தெனம் தண்ணி ஊத்தணும்."

"அம்புட்டு உப்புத்தண்ணி அங்கன கெடக்கு. அதுக்கு எதுக்குவே குழி?"

ஜெபஸ்தியான் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொறுமையில்லாதவனோடு பேசிப் பயனில்லை என்று தெரிந்தவர் போல உதட்டைப் பிதுக்கினார். நான் கம்பியைத் தெருவழியே இழுத்துப்போய், பழைய நங்கூரம் ஒன்றில் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் போட்டுவிட்டு வந்தேன். அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமைதான் சொன்னேனே.

"இந்தாரும், கடல் வந்திருக்கு," என்றாள் ரெஜினாள்.

"என்ன வேணுமாம்?"

"கேக்கலை."

"வேலையப் பாரு."

அவள் வேலையைப் பார்த்தாள். கடல் வாசலில் நின்றது. மூன்று வள்ளம் அகலத்துக்கு, கம்பி வந்த வழியே தெருவோடு வந்து, யார் வீட்டுக்குள்ளும் நுழையாமல், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி வந்திருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் புளோயரை அணைத்தேன். அது வந்த வழியே போனது. மண்ணில் வரிவரியாகக் கோடும் வாசலில் ஏழெட்டுச் சாளை மீனும் கிடந்தன. ரெஜினாள் பொரித்தாள். சாப்பிட்டுவிட்டுப் போட்டேன், வந்தது. சாயங்காலம் அணைத்தேன், போனது.

ஊர் இரண்டு நாள் பார்த்தது. மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. படகுக்காரர் சூசை, மீன்பாடு முடிந்து வருகிறபோது கடலோடு கூடவே தெருவுக்குள் வந்து, தன் வீட்டுத் தூணில் வள்ளத்தைக் கட்டிவிட்டு, இருந்த இடத்திலிருந்தே மனைவியிடம் சோற்றுப் பானையைக் கேட்டார். வள்ளத்தை மணலில் இழுக்கிற பாடு போனது என்று மறுநாள் இருபது வள்ளம் தெருவுக்கு வந்தன. மீன் ஏலம் கூறுகிறவர்கள் கூடையோடு பட்டறை மூலைக்கு இடம் மாறினார்கள், ஐஸ் உடைக்கிறவன் அவர்கள் பின்னால் வந்தான், டீக்கடைக்காரன் பெஞ்சுகளுக்குக் கல் வைத்து உயர்த்தினான், சறுக்குகிற கூட்டம் பலகையை விட்டு இறங்காமலேயே டீ வாங்கிக் குடித்துவிட்டு, நான் அணைக்கிற நேரம் பார்த்துத் திரும்பிப் போகிற கடலில் திரும்பிப் போனது. ஒரு கல்யாண வீட்டார் வந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்து இறங்குகிற நேரத்துக்குக் கொஞ்சம் கடல் வேண்டும் என்று கேட்டார்கள். அன்றைக்குச் சீவ வேலை இல்லை என்றேன். ஒரு கட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

தெருவில் மீன் பிடிப்பது பற்றித் தகராறு வந்தது. ஊர்க்கமிட்டி கூடியது. தலைவர் மச்சாது, எழுத்து வேலையில் ஆசை உள்ளவர், விதி எழுதினார்: தானாக வாசலில் கிடக்கும் மீன் அந்த வீட்டுக்கு, தெருவில் வலை போடக் கூடாது, தூண்டில் போடலாம், சொந்த ஜன்னலிலிருந்து மட்டும். ஞாயிற்றுக்கிழமை கடல் இல்லை. பட்டறை ஓடுகிற நேரத்தை எழுதிக் கோயில் பலகையில் ஒட்டினார்கள். நான் காலையில் பத்து நிமிஷம் பிந்தினால் ஜன்னல் ஜன்னலாகச் சத்தம் வந்தது.

"கஸ்பாரு! இன்னைக்குக் கடல் உண்டா, கெடையாதா?"

"பல்லு வெளக்கட்டும் வே!"

கடற்கரை எல்லையை அளக்கிற அதிகாரி ஒருவர் டேப்போடு வந்தார். தண்ணீர் அதிகமாக ஏறுகிற இடம் எது என்று கேட்டார். சூசை என் சுவிட்சைக் காட்டினார். அதிகாரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் புத்தகத்தில் ஏதோ எழுதினார், அடித்தார், சாப்பிட்டுவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

இதற்குள் இரண்டு மாதம். ரெஜினாளுக்கு இருமல் பாதியாகக் குறைந்தது. எனக்கு அது போதும். கடல் வருவதும் போவதும் ஊர் விஷயம். டிரம்மைத் திறந்தால் ஒரு டிரம் தூசி இருக்கும், அது அவள் நெஞ்சுக்குள் போகாத தூசி, அதுதான் என் விஷயம். வாரம் ஒரு டிரம் கொட்டினேன். கொட்டுகிறபோது ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்ப்பேன்.

பிறகு கிணறு கெட்டது.

தெற்குத் தெருவில், பட்டறைக்கு நாலு வீடு தள்ளி, ஊருக்கு உள்ள ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. கடல் தினமும் எட்டு மணி நேரம் அதன் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும்? கரித்தது. முதலில் சோறு கரித்தது, பிறகு டீ கரித்தது, டீ கரித்தபோதுதான் ஆண்களுக்குத் தெரிந்தது. கிணற்றடி வீட்டுக்காரி கிறேஸ்மேரி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து என் பட்டறைப் படியில் வைத்தாள்.

"குடியும் அண்ணே."

குடித்தேன். துப்பினேன்.

"இத நாங்க தெனம் முழுங்குதோம்," என்றாள். குடத்தை எடுக்காமல் போனாள்.

ஜெபஸ்தியானைக் கூப்பிட்டேன். எர்த்துதான் கோளாறு என்றார். அவர் சந்தோஷமாக இருந்தார். நங்கூரத்தை எடுத்தோம், கம்பியைச் சுருட்டினோம், பட்டறைக்குப் பின்னால் ஆறடி தோண்டி, கரி போட்டு, உப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றி, எல்லாம் அவர் சொன்னபடி செய்தேன். சுவிட்சைப் போட்டேன். ஷாக் இல்லை. கால் மணி நேரத்தில் கடல் வந்து வாசலில் நின்றது.

ஜெபஸ்தியான் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இனி கம்பி வேண்டாம் போல. வழி தெரிஞ்சிட்டு வே அதுக்கு."

கமிட்டி மூன்று நாள் கூடியது. கிணற்றுக்காரர்கள் மெஷினை நிறுத்து என்றார்கள். படகுக்காரர்கள், கடல் வீட்டுக்கு வருவது எங்கள் பாட்டன் சொத்து என்றார்கள்; வர ஆரம்பித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடைசியில் முடிவானது: மெஷினை ஓட்டக் கூடாது. கழற்றவும் கூடாது. இரண்டு பக்கமும் பாதி சந்தோஷமாகப் போனது. தீர்ப்பை மச்சாது அழகாக எழுதுகிற வரை வாய்மொழியாக நடைமுறை.

அடுத்த மாதச் சறுக்குப் போட்டிக்கு ஒன்பது பலகை சொல்லியிருந்தார்கள். ரெஜினாள் மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு சாண்டிங் மெஷினை எடுத்தாள். நான் பிடுங்கி நானே தேய்த்தேன். மேல் பூச்சைத் தாண்டி நார்த்துணி தெரிகிற வரை தேய்த்துவிட்டேன். அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெஷினைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஐந்தாம் நாள் படி ஏற முடியவில்லை. ஏழாம் நாள் உட்கார்ந்தபடி தூங்கினாள். எட்டாம் நாள் நான் சுவிட்சுப் பக்கம் போனேன்.

"போடாதையும்," என்றாள். "கிறேஸ்மேரி... மக... பிள்ளத்தாச்சி. உப்புத் தண்ணி... குடிக்குது."

போடவில்லை.

ஒன்பதாம் நாள் தீர்ப்பு வாசிக்க வந்தார்கள். வெள்ளிமுனையில் இதற்கு ஒரு முறை உண்டு. தீர்ப்பு யாரைப் பற்றியதோ அவர் வீட்டுக்குள்ளோ பட்டறைக்குள்ளோ வந்துதான் வாசிக்க வேண்டும். தெருவில் போகிறவன் காதில் விழாமல் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிறுத்தாமல் வாசிக்க வேண்டும், நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. வீட்டுக்காரர்கள் குற்றவாளி மாதிரி கைகட்டி நிற்கக் கூடாது, என்ன வேலை செய்துகொண்டிருந்தார்களோ அதை விடாமல் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் மரியாதைக்காக எப்போதோ யாரோ வைத்தது. வலை பின்னுகிற வீட்டிலும் மாவாட்டுகிற வீட்டிலும் இதுவரை தொந்தரவு இருந்ததில்லை.

மச்சாது, சூசை, கிறேஸ்மேரி, இன்னும் நாலு பேர். பட்டறைக் கதவைச் சாத்தினார்கள். ரெஜினாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். முறைப்படி நிறுத்தவில்லை.

மச்சாது தாளை விரித்தார். பதினொரு ஷரத்து. "வெள்ளிமுனை ஊர்ப் பொதுமக்களின் சம்மதத்தோடு" என்று ஆரம்பித்து, மூன்றாம் ஷரத்தில் கண்ணைக் கசக்கினார், நாலாம் ஷரத்தில் இருமினார். நின்றுவிட்டது.

"மொதல்லேருந்து," என்றேன்.

மொதல்லேருந்து வாசித்தார். இந்தத் தடவை இரண்டாம் ஷரத்து வரைதான். சூசை வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். பட்டறைக்குள் வெயில் விழுகிற இடத்திலெல்லாம் கண்ணாடித் தூள் மினுங்கிக்கொண்டு மெதுவாக இறங்கியது, தலையில் இறங்கியது, தாளில் இறங்கியது, திறந்த வாய்களுக்குள் இறங்கியது.

மூன்றாம் தடவை "வெள்ளிமுனை" என்பதைத் தாண்டவில்லை.

கிறேஸ்மேரி ரெஜினாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மைனி, எத்தன வருசமா இதுக்குள்ள நிக்கிய?"

"வள்ளம்... செய்யப்... பிடிச்ச... நாள்லேருந்து," என்றாள் ரெஜினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக மூச்சை வாங்கினாள். கை மட்டும் நிற்கவில்லை.

மச்சாது சுவரைப் பிடித்துக்கொண்டார். "கஸ்பாரு... அந்த மெஷினப் போடும் வே. வாசிச்சு முடிச்சிருதேன்."

"மெஷினப் போடக் கூடாதுன்னுதான தீர்ப்பு?"

"வாசிச்ச பொறவுதான வே செல்லும்! போடும்!"

போட்டேன். புளோயர் உறுமியது. பைப்பு தூசியை வாரி வாரி இழுத்தது. கால் நிமிஷத்தில் சாண்டிங் மெஷின் வாயிலிருந்து ஒரு துகள் வெளியே வரவில்லை, கொஞ்ச நேரத்தில் வெயில் வெறும் வெயிலாக விழுந்தது. மச்சாது தொண்டையைச் செருமி, பதினொரு ஷரத்தையும் கணீரென்று, நிறுத்தாமல் வாசித்தார். எட்டாம் ஷரத்தில் கடல் வந்து சாத்திய கதவுக்கு வெளியே நிற்கிற சத்தம் கேட்டது. அதுவும் முடிகிற வரை அசையவில்லை.

"...ஆகவே இன்று முதல் மேற்படி மெஷினை ஓட்டக் கூடாது என்று தீர்மானிக்கப்பட்டது," என்று முடித்தார்.

நான் சுவிட்சில் கை வைத்தேன். அணைத்தேன். ரெஜினாள் கை நிற்கவில்லை. தூசி எழுந்தது.

ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. வாசித்து முடித்தாயிற்று, போகலாம். போகவில்லை.

"ஏ போடும் வே அத!" என்று கத்தினாள் கிறேஸ்மேரி. அண்ணே போய், வே வந்துவிட்டது.

போட்டேன்.

"தலைவரே," என்றாள், "கெணறு தெக்க இருக்கு. பட்டற எதுக்குத் தெக்க இருக்கணும்? வடக்க, உப்பளத்து ஓரமா பொறம்போக்குக் கெடக்குல்லா. அங்க வச்சா கடல் எம்புட்டு நேரம் நின்னாலும் எவனுக்கு நஷ்டம்?"

"எங்க வீட்டுத் தூணு..." என்று ஆரம்பித்தார் சூசை.

"உம்ம தூணையும் தூக்கிட்டுப் போவும்."

மச்சாது பேனாவை எடுத்துப் பன்னிரண்டாம் ஷரத்து எழுதினார். அதைச் சேர்த்ததால் முறைப்படி மொத்தத்தையும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவரும் அணைக்கச் சொல்லவில்லை.

மெஷின் ஓடி ஒன்பது பலகையும் முடிகிற வரை ஊர் லாரித் தண்ணீர் குடித்தது. பிறகு ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் நாற்பது நாளும் பட்டறையை வடக்கே தூக்கினோம். கூரையைப் படகுக்காரர்கள் தோளில் கொண்டுபோனார்கள், பைப்புகளைக் கிணற்றுத் தெருப் பெண்கள் தலையில் கொண்டுபோனார்கள், கூம்பை நானும் சூசையும் ஒருவரையொருவர் வைதுகொண்டே உருட்டிப்போனோம். ஜெபஸ்தியான் புதுக்குழி தோண்டச் சொன்னார். மறுபேச்சுப் பேசாமல் தோண்டினேன். கிணறு மழைக்குப் பிறகு தெளியும் என்றார்கள். தெளிந்தது. கிறேஸ்மேரி மகளுக்கு ஆண்பிள்ளை.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை புதுப் பட்டறையில் சுவிட்சைப் போட்டேன். நன்றாக இழுத்தது. ரெஜினாள் ஒரு பலகையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அரை மணி நேரம் ஆனது. கடல் வரவில்லை. ஊரே உப்பளத்து ஓரம் நின்றுகொண்டிருந்தது. படகுகள் கரைக்கு வெளியே காத்து நின்றன.

தெற்கேயிருந்து சூசை ஓடிவந்தார். "கஸ்பாரு, கடல் பழைய எடத்துல நிக்கி! வெறும் தரையப் பாத்துக்கிட்டு நிக்கி. போவ மாட்டேங்கு, வர மாட்டேங்கு. கெணத்துப் பக்கமா சாயப் பாக்குது!"

நான் அணைக்கப் போனேன். ரெஜினாள் கையைத் தட்டிவிட்டாள்.

"சத்தம் கேக்கட்டும். மெஷின் ஓடிக்கிட்டே கெடக்கட்டும். நான் போய்க் கூட்டியாறேன்."

"அம்புட்டுத் தூரமா? மணல்ல?"

அவள் இறங்கிப் போனாள். கையில் எண்ணெய், தலையில் துண்டு. ஊர் முழுக்கக் குறுக்கே நடக்க வேண்டும், பாதிக்கு மேல் கால் புதைகிற மணல். நான் வாசலில் நின்றேன். பின்னால் போகலாம் என்று இரண்டு தடவை படி இறங்கினேன். இரண்டு தடவையும் ஏறினேன். மூச்சில் போனது போனதுதான், இருப்பது இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எவ்வளவு இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு அவள் தெரிந்தாள். முன்னால் அவள், பின்னால் கடல், மூன்று வள்ளம் அகலத்துக்கு, தலையைக் குனிந்துகொண்டு வருகிற மாதிரி. தெற்குத் தெரு முனையிலிருந்து திட்ட ஆரம்பித்தவள் கோயிலைத் தாண்டியும் திட்டினாள், மணலிலும் திட்டினாள்: "நாப்பது நாளா ஊரு கூடித் தூக்கிட்டுப் போனத நீ பாக்கலியா, கூரய ஒன் கண்ணு முன்னாலதான கொண்டு போனானுவ, அங்க போயி மண்ணுமுட்டி மாதிரி நின்னா ஆச்சா, கெணத்துப் பக்கம் இன்னொருக்க எட்டிப் பாரு, ஒன்ன என்ன செய்வேன்னு தெரியாது, வழி தெரியலன்னா கேக்கணும், இத்தன வள்ளம் நிக்கில்லா, ஒருத்தங்கிட்ட கேட்டா வாய் தேஞ்சா போவும்..."

இடையில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஒரு இடத்திலும் இருமவில்லை. படியில் ஏறும்போதும் திட்டிக்கொண்டுதான் ஏறினாள். கடல் வாசலில் வந்து நின்றது. ஊர் கைதட்டியது. எனக்கு அது கேட்கவில்லை.

"ஏட்டி," என்றேன், "கொஞ்சம் மூச்சு விட்டுத் திட்டு."

"விட்டுக்கிட்டுதான இருக்கேன்," என்றாள்.